எந்தத் தேதியிலிருந்து

இரண்டாவது தடவை சொட்டு விட்ட நர்ஸ், "கண்ணை மூடியே வச்சிருங்கம்மா, கண்ணுப் பாப்பா விரிய முக்கால் மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனதும் தனபாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள். எந்தக் கண் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவதற்காக வலது புருவத்துக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். திண்டுக்கல்லில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் சுவரோரம் இரும்பு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அவளைப் போலவே புருவத்தில் பிளாஸ்திரியோடு பத்துப் பன்னிரண்டு பேர் கண் மூடி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்திராணி, அவள் கணவரின் தங்கை, மூடாத கண்ணோடும் மூடாத வாயோடும் எல்லாரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "மதினி, உங்களுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் குறட்டையே விடுறாரு. உங்க கண்ணுக்கு ஆபரேசன் முடிஞ்சு மூணு வருசமாச்சு, மறுபடியும் புரை வந்துருச்சுன்னா முதல்ல பண்ணினவங்க சரியாப் பண்ணலைன்னுதானே அர்த்தம்? நம்ம கேக்க வேண்டாமா?" காலையில் டாக்டர் சொன்னதை தனபாக்கியம் இந்திராணியைவிடக் கவனமாகக் கேட்டிருந்தாள். அது புரை இல்லை. புரை ஆபரேஷனில் கெட்டுப்போன லென்ஸை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த மெல்லிய பையை அப்படியே விட்டு வைப்பார்கள். புது லென்ஸ் உட்கார அந்தப் பைதான் வேண்டும். பையின் ஓரத்தில் பழைய செல்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு துடைத்தாலும் நாலைந்து தங்கிவிடும். அந்த நாலைந்து சும்மா இருக்காது. வளரும், நகரும், பின்பக்கத்துக்குப் போய் ஜவ்வரிசி மாதிரி உப்பிக்கொண்டு கொத்துக் கொத்தாகப் படரும். "யார் தப்பும் இல்லைம்மா, சில பேருக்கு வளரும். லேசர்ல நடுவுல ஒரு ஜன்னல் திறந்து விட்டுருவோம், ரெண்டு நிமிஷம்" என்றாள் டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது. எப்போதிருந்து வளர்ந்தது டாக்டர் என்று இவள் கேட்டாள். "அது எப்படிம்மா சொல்ல முடியும், மெதுவா வர்றது. ஆறு மாசம் இருக்கலாம், ஒரு வருசம் இருக்கலாம். உங்களுக்குத்தானே தெரியும், எப்பலருந்து மங்கலாச்சுன்னு."

உங்களுக்குத்தானே தெரியும். அந்த வாக்கியத்தைத்தான் அவள் மாடிப்படி ஏறும்போதும் சொட்டு விடும்போதும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், பூவரசம்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பத்தொரு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து உட்கார்ந்திருக்கிற லேப் டெக்னீஷியனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செல் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? எபிதீலியல் செல், உள்தோலை மூடியிருக்கிற செல். தினம் பார்க்கிற மூஞ்சி. சளி கொண்டு வா என்று டப்பா கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக்கொண்டு வருவார்கள். கண்ணாடியில் பூசிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் அகல அகலமாக, சப்பையாக, கிழிந்த அப்பளம் மாதிரி இந்தச் செல்தான் கிடக்கும். கிடந்தால் இது சளியே இல்லை, எச்சில், மறுபடி கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அதைப் பார்த்தாலே எரிச்சல். பயனில்லாத செல், வழியை அடைக்கிற செல் என்று நினைப்பாள். அதே வம்சத்துச் செல் ஒன்று அவள் கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்து குட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் நீலத் தரையில் சிவப்புக் குச்சியைத் தேடிக்கொண்டிருந்தபோதெல்லாம் அதன் வழியாகத்தான் தேடியிருக்கிறாள். காசநோய்க் கிருமி சிவப்பாக, மெல்லிசாக, லேசாக வளைந்து இருக்கும். சுற்றிலும் எல்லாம் நீலம். அந்தக் கண்ணாடி ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி நூறு ஃபீல்டு, நூறு வட்டம், பார்க்க வேண்டும். நூறும் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று எழுத வேண்டும். இருக்கிறது என்று எழுதுவது சுலபம், ஒன்று கண்ணில் பட்டால் போதும். இல்லை என்று எழுதத்தான் கண் வேண்டும்.

அதுவும் ஒரு கண். இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம். இது அவள் கணவருக்குத் தெரியும், இந்திராணிக்குக்கூடத் தெரியாது, அரசாங்கத்துக்குத் தெரியவே தெரியாது. வேலைக்குச் சேருவதற்கு முந்தின உடல் தகுதிப் பரிசோதனையில் முதலில் வலது கண்ணால் போர்டைப் படிக்கச் சொன்னார்கள். படித்துக்கொண்டே கடைசி மூன்று வரியையும் மனப்பாடம் செய்துவிட்டாள். பிறகு வலதை மறைத்துக்கொண்டு இடதால் அதே வரிகளை ஒப்பித்தாள். கடைசி எழுத்தில் மட்டும் கொஞ்சம் தயங்குகிற மாதிரி தயங்கினாள், நம்புவதற்காக. அப்போது ஒற்றைக் குழாய் மைக்ராஸ்கோப்தான், ஒரு கண்தான் தேவை, யாரை ஏமாற்றினோம் என்று அன்றைக்கே தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். இரட்டைக் குழாய் வந்த பிறகும் இரண்டு கண்ணையும் வைத்து, ஒன்றால் பார்த்தாள். குறை வரவில்லை. மாதாமாதம் சூப்பர்வைசர் வந்து பெட்டியிலிருந்து கொஞ்சம் ஸ்லைடுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் வேறு ஆளிடம் காட்டி மறுபடி பார்க்கச் சொல்வார். முப்பத்தொரு வருஷத்தில் அவள் இல்லை என்றது இருந்ததில்லை, இருக்கிறது என்றது இல்லாமல் போனதில்லை. மாவட்டக் கூட்டத்தில் ஒரு தடவை இதைச் சொல்லிக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது? "மதினி, காபி வாங்கியாரட்டா? கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கலாம்ல? இல்ல, அதுக்கும் எதுவும் சொல்லுவாகளா?" வேண்டாம் என்று தலையை அசைத்தாள். இமைக்குள்ளே மருந்தின் எரிச்சல் ஓரமாக வந்து நின்று மெதுவாகப் போனது.

கண் மங்கினால் கண்ணைச் சந்தேகப்படுவார்கள். கடைக்காரனும் டிரைவரும் அப்படித்தான் செய்வார்கள். அவள் மைக்ராஸ்கோப்பைச் சந்தேகப்பட்டாள். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். முதலில் அட்டெண்டர் சின்னராசுவைப் பிடித்துக்கொண்டாள். லென்ஸ் துடைக்கிற தாளில் எண்ணெய்க் கையை வைக்கிறாய், அதுதான் பூத்துப்போய்த் தெரிகிறது என்றாள். அவன், "நான் அந்தப் பக்கமே வர்றதில்லையே மேடம், எனக்கு அதைப் பாத்தாலே பயம்" என்றான். அப்புறம் சைலீன் வாங்கி அவளே துடைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, பிறகு ஸ்லைடுக்கு ஒரு தடவை. அப்புறம் சிவப்புச் சாயம் பழசு, பிடிக்கவில்லை, புதுப் பாட்டில் அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினாள். புதுப் பாட்டிலும் அப்படித்தான் இருந்தது. மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குறைப் பதிவேட்டில், லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது, மாற்றித் தரவும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மதுரையிலிருந்து ஒரு ஆள் பெட்டியோடு வந்து, கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பளிங்கு மாதிரி இருக்கும்மா, இதை மாத்தச் சொன்னா என்னைய மாத்திருவாங்க" என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் போன பிறகும் அவள் தன்னைச் சந்தேகப்படவில்லை. அவன் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் ஆபரேஷன் செய்த கண், புது லென்ஸ், அதில் எப்படி வரும்? கண்ணை ஒரு கணக்கு முடிந்த விஷயமாக மூடி வைத்திருந்தாள். எதிலேயும் பூஞ்சை இருக்கலாம், அதில் மட்டும் இருக்க முடியாது.

பாண்டிச்செல்வி. இந்தப் பேரை நினைக்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வந்துவிட்டதென்ன, சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்துகொண்டிருந்தாள். நூற்பு மில்லில் வேலை பார்க்கிற பெண், இருபத்தி நாலு வயது. பங்குனியில் இரண்டு தடவை சளி கொண்டு வந்தாள். நல்ல சளி, எச்சில் இல்லை, டப்பாவைத் திறந்ததுமே தெரிந்தது. "மேடம், பஞ்சு தூசிதான் மேடம், எங்க செட்டுல எல்லாருக்கும் இருமல்தான். டீபின்னு எழுதிராதீக, மில்லுல நிப்பாட்டிருவாக" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இல்லாததை எழுத மாட்டேன் போ என்றாள் இவள். அன்றைக்கு அறுபதாவது ஃபீல்டோ அறுபத்தி ஐந்தோ, ஓரத்தில் ஒரு இளஞ்சிவப்பு. குச்சி என்று சொல்ல முடியாது. சிவப்பு என்றும் சொல்ல முடியாது. புகைக்குப் பின்னால் நிற்கிற மாதிரி ஒரு நிறம். அவள் கண்ணை எடுத்தாள், லென்ஸைத் துடைத்தாள், மறுபடி கண்ணை வைத்தாள். ஃபீல்டு நகர்ந்துவிட்டிருந்தது. கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் தேடினாள். வெளியே பிரஷர் மாத்திரைக்கு வரிசை, யாரோ யாரையோ முந்திவிட்டார்கள் என்று சத்தம். சாயத் திட்டு என்று முடிவு செய்தாள். நூறு முடித்தாள். இல்லை என்று எழுதினாள். சாயத் திட்டாகவே இருக்கலாம். இப்போதும் அப்படி இருக்கலாம். கொத்துக் கொத்தாக இருந்திருந்தால் எந்தப் படலத்திலும் தெரிந்திருக்கும். இந்தச் சில மாதங்களில் அவள் இருக்கிறது என்று எழுதிய ஆறு பேருக்கும் அப்படித்தான் இருந்தது, மறுபார்வையில் சரியாகவும் இருந்தது. நூறு ஃபீல்டில் மூன்றோ நாலோ குச்சி இருக்கிற ஆள்தான் கண்ணில் படாமல் தப்புவான். போன வாரம் வத்தலக்குண்டு பஸ்ஸில் முன்படிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். துப்பட்டாவை வாயில் வைத்து இருமினாள். கம்பியைப் பிடித்திருந்த கையில் வளையல் முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை. எதிரே வந்த லாரி வெளிச்சம் கண்ணாடி முழுக்கச் சிதறிப்போய் முகத்தை அழித்துவிட்டது. ஏன் சிதறுகிறது என்று அப்போதுதான், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அவள் தன் கையை எடுத்துத் தன் வலது கண்ணை மூடிப் பார்த்தாள். மந்தமான இடது கண்ணில் வெளிச்சம் சிதறவில்லை.

ரெண்டு நிமிஷம் என்றாள் டாக்டர். ஜன்னல் திறந்துவிடும். நாளை மறுநாள் டியூட்டிக்குப் போகலாம். பெட்டியில் ஆனி மாத ஸ்லைடுகள் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி பார்த்துவிடலாம். தப்பு இருந்தால் அந்த ஆளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சளி கொடுத்துவிட்டுப் போ, புது உத்தரவு வந்திருக்கிறது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? புதுச் சளியில் இருக்கிறது என்று எழுதினால் முடிந்தது. நோயாளிக்கும் மருந்து கிடைக்கும், இவளுக்கும் ஒன்றும் ஆகாது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. மெமோ வந்தால், விசாரணை வந்தால், கண் மருத்துவரிடம் அனுப்பினால், இரண்டு கண்ணையும் பார்ப்பார்கள். இரண்டு கண்ணையும் பார்த்தால் அந்தப் பழைய போர்டும் வெளியே வரும். அதனால் கதவைச் சாத்திக்கொள்வதுதான் சரி. யாருக்கும் நஷ்டமில்லாத வழி. இதை அவள் மூன்று தடவை முழுதாக யோசித்தாள். மூன்று தடவையும் ஒரே இடத்தில் சிக்கியது. பெட்டியில் இருப்பது ஆனி மாதம் மட்டும். வைகாசி வரைக்கும் உள்ளதை சூப்பர்வைசர் பொறுக்கினது போக மீதியை மருந்துத் தண்ணியில் ஊறப்போட்டு அழித்தாகிவிட்டது. அவளே நின்று அழிக்கச் சொன்னாள். பங்குனி போய்விட்டது. பங்குனிக்கு முந்தினதும் போய்விட்டது. நாளை மறுநாள் கண் எவ்வளவு தெளிந்தாலும் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. பதிவேட்டில் அவள் கையெழுத்தில் பெயர்கள் மட்டும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே இல்லை, இல்லை, இல்லை.

"மதினி, அழுகுறீகளா?" என்றாள் இந்திராணி. "மருந்து" என்றாள் தனபாக்கியம். "இல்ல, பயப்படாதீகன்னு சொல்ல வந்தேன். எங்க தெரு கணபதி பொண்டாட்டிக்கு இதேதான் பண்ணினாக, வெளிய வந்ததும் அவ சொன்னா, வீட்டுச் சுவரு இவ்வளவு அழுக்கா இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு. அன்னிலருந்து அவ புருசனுக்குத்தான் கஷ்டம், தினம் ஒட்டடை." அந்த வரிசையில் யாரோ கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்கள். தனபாக்கியமும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே எண்ணினாள். பங்குனியிலிருந்து மட்டும் சொன்னால் போதுமா? மாசியில் பூஞ்சை என்று எழுதியிருக்கிறாளே, அப்போதே மங்கல். தையில் சாயம் கேட்டாள், அப்போதும் மங்கல். அதற்கும் முன்னால்? மைக்ராஸ்கோப் வெளிச்சத் திருகை அவள் எப்போதும் பாதியில்தான் வைப்பாள். எப்போது முழுக்கத் திருப்பினாள்? கை தானாகத் திருப்பியிருக்கிறது, நாள் குறித்துக்கொண்டா திருப்பும்? மார்கழியில் முழுசாக இருந்தது, நிச்சயம். அரையாண்டுப் பரீட்சை முடிந்து சின்னராசுவின் மகள் மைக்ராஸ்கோப் பார்க்க வந்தபோது, வெளிச்சம் கூசுதுன்னு கண்ணைத் தேய்த்தாள். அப்படியானால் கார்த்திகை. டிசம்பர் முதல் வாரத்தில், தீபத்தன்று வாசலில் விளக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தெரு முழுக்க ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் ஒரு வளையம். பனி என்று நினைத்தாள். பனியில்லை, அன்றைக்கு மழை விட்டு வானம் கழுவின மாதிரி இருந்தது. அவள் படியில் நின்று அந்த வளையங்களைப் பார்த்தாள். அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் சந்தேகப்படவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போய் அதே கண்ணோடு உட்கார்ந்து நாலு பேருக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாள்.

இன்னும் பத்து நிமிஷம் என்று நர்ஸ் குரல் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது சொல்லாவிட்டால் சொல்லமாட்டோம் என்று தனபாக்கியத்துக்குத் தெரிந்தது. உள்ளே போய் வெளியே வந்துவிட்டால் உலகம் பளிச்சென்று இருக்கும். பளிச்சென்று இருக்கிறவளுக்கு நூறு காரணம் கிடைக்கும். "இந்திராணி, என் போன்ல அருள்னு இருக்கும், கூப்பிடு." "அருள்னு ரெண்டு இருக்கு மதினி. அருள் ஜவுளி, அருள் ஆபீஸ்." "ஜவுளி எதுக்குடி இப்ப? ஆபீஸ்." சூப்பர்வைசர் அருள்தாஸ் எடுத்ததும், "அக்கா, லேசர் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். இனிமேல்தான் என்றாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பதுபோல. படலம், செல், மெதுவாக வளர்ந்தது, துடைத்துத் துடைத்துப் பார்த்தது, இல்லை என்று எழுதினவர்களை மறுபடி பார்க்க வேண்டும். "அக்கா, உங்க ஸ்லைடுல ஒண்ணுகூட மாறலையே. போன மாசம்கூட எல்லாம் சரியா வந்திருக்கு. நீங்களா எதுக்கு இழுத்து விட்டுக்கிறீங்க?" "நீங்க எடுத்தது பத்து சார். மிச்சத்தை யார் பாத்தா?" "சரி, எந்தத் தேதியிலிருந்து?" "டிசம்பர் ஒண்ணாந்தேதியிலிருந்து." "டிசம்பரா! அக்கா, அது நூத்தி எழுபது பேருக்கு மேல வரும். ஸ்லைடெல்லாம் அழிச்சாச்சு, எதை வச்சுப் பாக்குறது?" "ஸ்லைடு இல்லைன்னா என்ன சார், ஆளுங்க இருக்காங்களே. வீட்டுக்கு வீடு டப்பா கொடுத்து அனுப்புங்க, கிருமியைக் கண்டுபிடிக்கிற மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாருங்க. முதல்ல மில்லுப் பொண்ணு பாண்டிச்செல்வி. பங்குனிப் பக்கத்துல இருக்கும் பேரு." பேனா மூடி கழற்றுகிற சத்தம் கேட்டது. "இனிஷியல் என்னக்கா?" என்றார் அருள்தாஸ். "இன்னொண்ணு சார்," என்றாள் அவள். "எனக்கு இடது கண்ணு எப்பவுமே தெரியாது. வேலைக்குச் சேந்தப்பவே தெரியாது. அதையும் எழுதிக்கங்க." பக்கத்தில் இந்திராணியின் வளையல் சத்தம் நின்றுபோனது.

உள்ளே ஒரு மேஜை முன்னால் உட்காரவைத்து, தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தச் சொன்னார்கள். எதிரே டாக்டர் குனிந்து இரண்டு குழாயில் கண்ணை வைத்தாள். திருகைத் திருகி, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே கொண்டுபோய்த் தெளிவு தேடுகிற அந்தக் கை அசைவைத் தனபாக்கியத்துக்கு நன்றாகத் தெரியும். "எங்கேயும் தேடாதீங்கம்மா, நேரா ஒரே இடத்தைப் பாருங்க" என்றாள் டாக்டர். டிக் என்றது. வலியில்லை, காதுக்குள் யாரோ சுண்டின மாதிரி. டிக், டிக். இருபது எண்ணியிருப்பாள். எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. "அவ்வளவுதான். மருந்து இறங்குற வரைக்கும் கூசும், எதையும் படிக்க முடியாது. ரெண்டு மூணு நாளைக்குப் புள்ளி புள்ளியா, நூல் நூலா ஏதாவது மிதக்கும், பயப்படாதீங்க. மின்னல் மாதிரி அடிச்சா மட்டும் உடனே வாங்க." வெளியே வந்தபோது வராந்தாவே ஒரு வெள்ளை வெளிச்சமாக இருந்தது. அதன் நடுவில் இந்திராணி ஒரு நீலச் சேலையாக நின்றாள். அவள் குரல் மட்டும் இறங்கியிருந்தது. "அருள் ஆபீஸ் மறுபடி கூப்பிட்டாரு மதினி. உங்க ஆஸ்பத்திரி பெரிய டாக்டரம்மாட்ட சொல்லிட்டாராம். வாயால சொன்னா அவங்க ஒண்ணும் பண்ண முடியாதாம், உங்க கைப்பட எழுதிக் கொடுத்தாத்தான் ஆளுகளைக் கூப்பிட உத்தரவு போட முடியுமாம். கண்ணு சரியானதும் நாளைக்கு நிதானமா எழுதச் சொன்னாரு." நாளைக்கு என்றால் நாளைக்கு நிதானமாக யோசிப்பாள். "பேனா வச்சிருக்கியா?" "என்னத்துக்கு? இப்ப எழுதப்போறீகளா? எதிர்ல இருக்கிற என் மூஞ்சியே உங்களுக்குத் தெரியலையே!" "தெரிய வேண்டியதில்லை, கொடு."

சொட்டு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை நாற்காலிக் கைப்பிடியில் வைத்து, இடது கை விரலை வரிக்கு அணையாகப் பிடித்துக்கொண்டு எழுதினாள். தாள் ஒரு வெளிச்சப் பரப்பு, மை போகிற இடம் தெரியவில்லை, கை போகிற இடம் தெரிந்தது. டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் இன்று வரை என்னால் கிருமி இல்லை என்று பதிவு செய்யப்பட்ட முடிவுகளை ஏற்றுக்கொள்ள வேண்டாம். அந்த நாட்களில் என் பார்வை சரியாக இல்லை. அது எனக்குத் தெரியவில்லை என்றும் எழுதினாள். பிறகு அந்தக் கடைசி வாக்கியம் எங்கே இருக்கும் என்று விரலால் தடவிப் பார்த்து, அதை அடித்து ஒரு கோடு போட்டாள். கையெழுத்துப் போட்டு நீட்டினாள். இந்திராணி வாங்கி முழுதும் படித்தாள்.

"கோணல்மாணலா இருக்கு மதினி" என்றாள்.

"படிக்க முடியுதுல்ல?"

"முடியுது."

"அப்ப போட்டோ எடுத்து அனுப்பு."